டச்பேட்டின் தரமும் அதனைத் தேரும் முறையும்

முகவுரை

ஒரு பொருளின் மேன்மை அதன் உறுப்புகளின் மேன்மையைப் பொறுத்ததாகும். இவ்வுண்மையை அறிதற்கு நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. நம் நாகர்கோவிலின் ஒரு பகுதியாகிய வடசேரியில், தலைமுறை தலைமுறையாகக் கோவில் நகை செய்துவரும் ஆசாரிமாரின் பட்டறையொன்றிற்குச் சென்றாற் போதும். ஒட்டியாணம், நெற்றிச்சுட்டி, ராக்கொடி, சூரியப்பிரபை, சந்திரப்பிரபை முதலாயின அங்கே உருப்பெற்றுத் தெய்வத் திருமேனிகட்கும் பரதநாட்டியம் ஆடுவார்க்கும் அணியாகின்றன. வெள்ளியாற் சட்டம் அமைத்து, சிவப்புக் கற்களைப் பதித்து, தங்கத் தாளை அழுத்தி முடிக்கும் இக்கைத்தொழிலுக்கு 'நாகர்கோவில் கோவில் நகை' என்னும் பெயரால் புவிசார் குறியீடும் கிடைத்துள்ளது. ஆசாரியார் வெள்ளியைத் தோண்டி எடுப்பவரல்லர், கல்லை விளைவிப்பவருமல்லர். எதனை யாரிடத்து வாங்குவது என்று தேரும் அறிவே அவர் தொழிலிற் பாதியாகும்.

இக்காலத்தில் நம் மாணவர் பலர் கையாளும் மடிக்கணினியின் கதையும் இத்தன்மையதே. ஒரு நிறுவனத்தின் பெயரைத் தாங்கி வரினும், அதன் உறுப்புகள் பல நாடுகளிற் பல கைகளாற் செய்யப்பட்டவை. அவற்றுள் நம் விரல் நாள்தோறும் தீண்டுவதும், விளம்பரத்தில் மிகக் குறைவாகப் பேசப்படுவதும் ஆகிய உறுப்பு டச்பேட் ஆகும். அதனைப் பற்றி ஆராய நம்மைத் தூண்டியது ஒரு சிறு நிகழ்ச்சி. நம் மாணவர் இருவர் ஒரே பெயரும் ஒரே எண்ணும் உடைய மடிக்கணினிகளை ஒரே மாதத்தில் வாங்கினர். ஒருவருடைய கருவியில் விரல் சென்றவழி அம்புக்குறி சென்றது. மற்றவருடையதிலோ அது துள்ளியும் தயங்கியும் சென்றது. "ஒரே விலை கொடுத்தோமே, இது ஏன் இவ்வாறாயிற்று?" என அவ்விருவரும் வினவினர். அவ்வினாவிற்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாம்.

டச்பேட் இயங்கும் வகை

டச்பேட்டின் மேற்பரப்பு கண்ணாடியாலேனும் பிளாஸ்டிக் படலத்தாலேனும் ஆயது. அதன் கீழே, நெசவிலுள்ள பாவும் ஊடும் போல, மின்கடத்தும் மெல்லிய கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக அமைந்துள்ளன. இக்கோடுகளிடையே நுண்ணிய மின்புலம் நிலவுகின்றது. நம் உடல் மின்சாரத்தைக் கடத்தும் இயல்புடையதாதலின், விரல் அணுகியவிடத்து அப்புலம் சிறிது மாறுகின்றது. அங்கேயே பொருத்தப்பட்ட சில்லு ஒன்று அம்மாறுதலை ஒரு நொடியிற் பன்முறை அளந்து, விரல் நின்ற இடத்தைக் கணக்கிடுகின்றது. அக்கணக்கை டிரைவர் என்னும் மென்பொருள் ஏற்று, அம்புக்குறியை நகர்த்துகின்றது.

1994ஆம் ஆண்டு வெளிவந்த ஆப்பிள் நிறுவனத்தின் பவர்புக் 500 வரிசையால் இவ்வமைப்பு மடிக்கணினிகளிற் பரவலாயிற்று. அதற்குமுன் பலவற்றில் உருட்டுப்பந்தே இருந்தது. இத்துறையிற் பெயர்பெற்ற சினாப்டிக்ஸ் நிறுவனத்தை 1986ஆம் ஆண்டு தோற்றுவித்த இருவருள் ஒருவர், 1971இல் இன்டெல் 4004 என்னும் நுண்செயலியை ஆக்கியவருள் ஒருவராகிய ஃபெடரிகோ ஃபாகின் என்பார். மற்றவர் கார்வர் மீட் என்னும் பேராசிரியர். தைவானின் எலான், ஜப்பானின் ஆல்ப்ஸ் முதலிய நிறுவனங்களும் இத்தொழிலிற் பெயர்பெற்றவை.

ஆகவே டச்பேட்டின் தரம் என்பது ஒன்றன்று; மேற்பரப்பின் வழவழப்பு, கோடுகளின் நுட்பம், சில்லின் திறன், கீழுள்ள பொத்தானின் உறுதி, மென்பொருளின் செம்மை, இவையனைத்தையும் தாங்கும் உடற்சட்டத்தின் இறுக்கம் என்னும் ஆறும் கூடியதாகும். இவற்றுள் ஒன்று குறையினும் விரல் அதனை உடனே உணரும்.

உற்பத்தியாளர் தேரும் முறை

நாம் அறிந்த பெயர்களையுடைய நிறுவனங்கள் பல, தம் மடிக்கணினிகளைத் தாமே முற்றும் செய்வதில்லை. குவான்டா, கம்பால், விஸ்ட்ரான் முதலிய தைவான் நாட்டு நிறுவனங்கள் பலருக்காகவும் வடிவமைத்துச் செய்து தருகின்றன. முதற்கண் கருவியின் விற்பனை விலை இன்னதென்று வரையறுக்கப்படும். பின்னர் அவ்விலைக்குள் அடங்குமாறு ஒவ்வோர் உறுப்பிற்கும் ஒரு தொகை பங்கிடப்படும். செயலி, நினைவகம், திரை ஆகியவற்றின் தரம் விளம்பரத்தில் எண்ணாக அச்சிடப்படுவதால், அவற்றிற் குறைத்தல் எளிதன்று. டச்பேட்டின் தரமோ எந்த எண்ணாலும் அச்சிடப்படுவதில்லை. ஆதலின் சிக்கனத்தின் கை முதலில் அதன்மீது நீளுதல் இயல்பு.

அடுத்து, உறுப்பு தருவோர் பலரிடமிருந்து மாதிரிகள் பெறப்படுகின்றன. வெப்பத்திலும் ஈரத்திலும் வைத்தும், பொத்தானைப் பல இலட்சம் முறை பொறியால் அழுத்தியும், நிலைமின்சாரம் பாய்ச்சியும் அவை சோதிக்கப்படும். தேறியோர் பெயர் ஒரு பட்டியலிற் சேர்க்கப்படும். அப்பட்டியலில் ஒருவர் மட்டும் இருத்தல் அறிவுடைமையன்று எனத் தொழிலறிந்தோர் கருதுவர். 2011ஆம் ஆண்டு தாய்லாந்தில் வெள்ளம் பெருகி வன்தட்டுத் தொழிற்சாலைகள் மூழ்கியபோது, உலகெங்கும் கணினித் தொழில் தடுமாறிற்று. 2020ஆம் ஆண்டு முதல் கொள்ளைநோய்க் காலத்தில் நேர்ந்த சில்லுத் தட்டுப்பாடும் அதே பாடத்தைக் கற்பித்தது. ஆகவே ஓர் உறுப்பிற்கு இருவர் அல்லது மூவர் என வைத்துக்கொள்வது வழக்கமாயிற்று.

இவ்வழக்கமே நம் மாணவர் இருவரின் வினாவிற்குரிய விடைகளுள் முதன்மையானது. ஒரே பெயருள்ள கருவியில், ஒரு தொகுதிக்கு ஒருவரும் மற்றொரு தொகுதிக்கு வேறொருவரும் டச்பேட் தந்திருத்தல் கூடும். இருவரும் குறைந்த அளவான தகுதியைக் கடந்தவரே. ஆயினும் ஒருவர் அதனை மயிரிழையிற் கடந்தவர், மற்றவர் நன்கு கடந்தவர். வாங்குவோர்க்கு இவ்வேறுபாடு தெரிவிக்கப்படுவதில்லை. ஈண்டு வஞ்சகம் ஒன்றுமில்லை. 'போதும்' என்னும் அளவு எங்கே வைக்கப்பட்டது என்பதே வினா.

அரசினர் கொள்முதல்

இவ்வினா நம் நாட்டில் சிறு வினாவன்று. தமிழ்நாட்டரசு 2011ஆம் ஆண்டு மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியது. எல்காட் எனப்படும் தமிழ்நாடு மின்னணு நிறுவனம் டெண்டர் வாயிலாக அவற்றைக் கொள்முதல் செய்தது. பின்னர் 2025-26ஆம் ஆண்டிற்குரிய நிதிநிலை அறிக்கையில், கல்லூரி மாணவர் 20 இலட்சம் பேர்க்கு இரண்டாண்டுகளில் கைக்கணினியோ மடிக்கணினியோ வழங்கப்படும் என அறிவிக்கப்பட்டது.

ஒரு கருவியின் டச்பேட்டிற் பத்து ரூபாய் குறைத்தால், 20 இலட்சம் கருவிகளுக்கு 2 கோடி ரூபாய் மிச்சமாகும். விலையிற் போட்டியிடுவோர்க்கு இஃது அற்பத் தொகையன்று. மறுபுறம், அப்பத்து ரூபாயின் குறைவை ஒரு மாணவி தன் படிப்புக்காலம் முழுதும் நாள்தோறும் தன் விரலால் அனுபவிக்க வேண்டியவளாகின்றாள். மவுஸ் ஒன்றைத் தனியே வாங்க இயலாத வீட்டில் டச்பேட் ஒன்றே அவளுக்குள்ள கருவி.

இதற்கு அரசு அலுவலரைக் குறை கூறுதல் தகாது. 1998ஆம் ஆண்டின் தமிழ்நாடு டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டம், டெண்டர் ஆவணத்திற் குறிக்கப்பட்ட, அளந்தறியக்கூடிய காரணிகளைக் கொண்டே டெண்டர்களை மதிப்பிட்டு, அவற்றுட் குறைந்ததனை ஏற்க வேண்டும் என விதிக்கின்றது. பாரபட்சத்தைத் தடுக்க இவ்விதி இன்றியமையாதது. ஆனால் அதனின்றும் ஒரு முடிவு தானே பிறக்கின்றது: அளவாக எழுதப்படாத தரத்தை அரசு வாங்க இயலாது. "நல்ல டச்பேட்" என்று எழுதினால் அது சட்டத்தின் முன் பொருளற்ற சொல்லாகும்.

எழுதுதல் இயலாத காரியமன்று. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2013ஆம் ஆண்டு விண்டோஸ் 8.1 உடன் 'பிரிசிஷன் டச்பேட்' என்னும் நெறியை வெளியிட்டது. பரப்பு 64 மில்லிமீட்டர் நீளமும் 32 மில்லிமீட்டர் அகலமும் குறையாதிருத்தல் வேண்டும். ஓர் அங்குலத்தில் 300 புள்ளிகளேனும் பகுத்தறிதல் வேண்டும். ஒரே வேளையில் மூன்று விரல்களையேனும் அறிதல் வேண்டும் என்றாற் போன்ற அளவுகளை அது வகுத்தது. இவற்றோடு பொத்தான் எத்தனை இலட்சம் அழுத்தங்களைத் தாங்க வேண்டும், எத்தனை கிராம் விசையில் இயங்க வேண்டும், எந்த ஈரநிலையிற் சோதிக்கப்பட வேண்டும் என்பனவும் எழுதப்படலாம். பெயரால் அன்றி அளவால் தேரும் முறை இதுவே.

வாங்குவோர் ஆராயும் வகை

தனியே வாங்கும் மாணவர்க்கும் சில சோதனைகள் உதவும். கடையிலேயே கருவியைத் திறந்து, படம் வரையும் மென்பொருளில் விரலால் மிக மெதுவாகச் சாய்கோடு ஒன்று வரைந்து பார்க்க. கோடு படிக்கட்டுப் போல நெளியுமாயின் அளவை நுட்பம் குறைவு. நான்கு மூலைகளையும் நடுவையும் அழுத்திப் பார்க்க. ஆட்டமோ கடகட ஒலியோ இருத்தலாகாது. உள்ளங்கையின் அடிப்பாகம் டச்பேட்டின்மீது படுமாறு சில வரிகள் தட்டச்சுச் செய்க. அம்புக்குறி தானே ஓடுமாயின் குறையுண்டு. பின்னர் சார்ஜரை இணைத்தும் இணையாதும் இவற்றை மீண்டும் செய்க.

குறை தோன்றியவுடன் டச்பேட்டையே பழித்தல் கூடாது. நில இணைப்பில்லாத சார்ஜரால் மின் இரைச்சல் புகுந்து அம்புக்குறி துள்ளுவதுண்டு. கடலோரத்து வெப்பமும் வியர்வையும் மிக்க நம் மாவட்டத்தில், ஈர விரலும் அளவைத் தடுமாறச் செய்யும், துடைத்தால் நீங்கும். பழைய டிரைவரும் காரணமாகலாம். ஆனால் டச்பேட் மேலெழும்பியிருப்பினும், முன்னிலும் அழுத்தக் கடினமாயினும், அதன் கீழுள்ள பேட்டரி வீங்கியிருத்தல் கூடும். அது தீவிபத்திற்கு இடமாதலின், கருவியை உடனே நிறுத்தி, சார்ஜரைக் கழற்றி, பழுது பார்ப்பவரிடம் சேர்த்தல் வேண்டும்.

முடிவுரை

வடசேரிப் பட்டறையில் வாங்குபவரும் செய்பவரும் எதிரெதிரே அமர்ந்திருப்பர். கல் சரியில்லையெனில் அன்றே மாற்றிக் கேட்கலாம். மடிக்கணினி வாங்குபவர்க்கு அப்பேறில்லை. உறுப்பைத் தேர்ந்தவர் யாரென அவர் அறியார். அவர் குறையை அத்தேர்வாளரும் அறியார். இவ்விடைவெளியை நிரப்பவல்லது அளவால் எழுதப்பட்ட சொல்லொன்றே.

நம் கல்லூரியிற் பயின்று இன்று பொறியியற் பணியிலும் அரசுக் கொள்முதலிலும் பள்ளி நிர்வாகத்திலும் இருக்கும் பழைய மாணவர், தாம் எழுதும் கொள்முதல் ஆவணத்தில் செயலிக்கும் நினைவகத்திற்கும் ஒதுக்கும் வரிகளுடன், டச்பேட்டிற்கும் நான்கு வரிகள் ஒதுக்குவாராக. இப்பொழுது பயிலும் மாணவர், 'நன்றாயில்லை' என்று முறையிடுவதோடு நில்லாமல், எவ்வளவில் நன்றாயில்லை என அளந்து எழுதப் பழகுவாராக. இவ்விரண்டும் கூடுமாயின், பத்து ரூபாயின் பொருட்டு ஒரு மாணவியின் விரல் பல ஆண்டு வருந்தும் நிலை நம் நாட்டில் நீங்கும் என்பது நம் துணிபு.