சீன நிறுவனங்கள்: பங்கு யாரிடம், பிடி யாரிடம்?

குரூப் 1, வங்கித் தேர்வு எழுதுவோருக்கான முக்கியக் குறிப்புகள்

காயல்பட்டினத்தில் உட்கார்ந்து படிப்பவருக்கு இது எங்கோ இருக்கும் சங்கதி அல்ல. வாப்பா, அப்பா காலத்திலிருந்தே கொழும்பில் கடை வைத்த குடும்பங்கள் இங்கே உண்டு. அந்தக் கொழும்புத் துறைமுகத்திலிருந்தே தொடங்குவோம்.

• கொழும்பு சர்வதேசக் கொள்கலன் முனையம்: சைனா மெர்ச்சண்ட்ஸ் போர்ட் 85 சதவீதம், இலங்கைத் துறைமுக அதிகார சபை 15 சதவீதம். 35 ஆண்டு ஒப்பந்தம். 2013-ல் இயங்கத் தொடங்கியது.

• அதே துறைமுகத்தின் மேற்கு முனையம்: அதானி 51, ஜான் கீல்ஸ் 34, அதிகார சபை 15. தொடக்கம் ஏப்ரல் 2025. இரண்டிலும் அதிகார சபையின் 15 மாறவில்லை. அதைப் பிடித்துக்கொண்டால் மற்றவை தானே நினைவுக்கு வரும்.

• அம்பாந்தோட்டை: 2017, சைனா மெர்ச்சண்ட்ஸ் போர்ட், 112 கோடி டாலர், 99 ஆண்டுக் குத்தகை. 'சீனாவுக்கு விற்கப்பட்டது' என்று இருந்தால் அந்த விடையைத் தொடாதீர்கள். நம் ஊரில் மாப்பிள்ளை பெண் வீட்டில்தான் குடியிருப்பார். வீடு பெண் பேரில் இருக்கும். குடியிருப்பு வேறு, பாத்தியதை வேறு.

• இந்த சைனா மெர்ச்சண்ட்ஸ் நேற்று முளைத்தது அல்ல. வெளிநாட்டு நீராவிக் கப்பல் கம்பெனிகளோடு மோதுவதற்காக 1872-ல் சீனப் பேரரசின் உயர் அதிகாரி லி ஹாங்சாங் தொடங்கியது. வ.உ.சி. பிறந்ததும் அதே ஆண்டுதான் (ஆண்டு மறக்காமலிருக்க இதைவிட நல்ல வழி கிடையாது). 'அதிகாரி மேற்பார்வை, வணிகர் நிர்வாகம்' என்பது அன்றைய ஏற்பாடு: பணம் வணிகருடையது, கண் அரசுடையது. இன்று அது சீன மத்திய அரசின் நிறுவனம். அரசு சார்பில் உரிமையாளர் இடத்தில் இருப்பது 2003-ல் அமைந்த சாசாக் என்னும் அரசுச் சொத்து மேற்பார்வை ஆணையம். ஆனால் பெரிய மத்திய நிறுவனங்களின் தலைவர் நாற்காலியில் யார் என்பதைக் கட்சி முடிவுசெய்கிறது. வாரியத் தலைவரே பெரும்பாலும் அங்குள்ள கட்சிக் குழுச் செயலாளராகவும் இருப்பார். தலைப்பிலுள்ள கேள்விக்கு முதல் விடை இதுதான்.

• முதன்மைத் தேர்வில் ஒப்பிட: தூத்துக்குடி சுதேசி நாவாய்ச் சங்கம். பதிவு 16 அக்டோபர் 1906. மூலதனம் 10 லட்சம் ரூபாய். 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். தலைவர் பாண்டித்துரைத் தேவர், செயலாளர் வ.உ.சி. ஹாஜி முகமது பக்கீர் சேட் ஒருவரே 2 லட்சம் ரூபாய்க்கு 8,000 பங்குகள் வாங்கினார். அதாவது ஐந்தில் ஒரு பங்கு. லியின் கம்பெனிக்கு அரசு கைகொடுத்தது. இங்கே 1908-ல் செயலாளரையே சிறைக்கு அனுப்பியது. 1911-ல் சங்கம் கலைக்கப்பட்டது.

• சட்டம்: சீனக் கம்பெனிச் சட்டம் 1993-ல் நிறைவேறியது. இயக்குநர் வாரியம், அதைக் கண்காணிக்க ஒரு மேற்பார்வை வாரியம் என இரண்டு அடுக்கு. மேற்பார்வை வாரியத்தில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு தொழிலாளர் பிரதிநிதிகள். 1 ஜூலை 2024 முதல் நடப்பில் உள்ள திருத்தத்தின்படி, அதற்குப் பதிலாகத் தணிக்கைக் குழு வைத்துக்கொள்ளலாம். இந்தியாவில் (2013 சட்டம்) ஒரே வாரியம்தான்.

• ஹுவாவே (1987): ஏறத்தாழ 99 சதவீதப் பங்கு தொழிற்சங்கக் குழுவின் பேரில். நிறுவனர் ரென் செங்ஃபேயிடம் ஒரு சதவீதத்தை ஒட்டியே உள்ளது. ஆனாலும் முக்கிய முடிவுகளைத் தடுக்கும் அதிகாரம் அவருக்கு உண்டு.

• அலிபாபா: 2014-ல் நியூயார்க் சந்தைக்கு வந்தது. பங்கு வாங்கியவர் கையில் இருப்பது கேமன் தீவுக் கம்பெனியின் பங்கு. சீனாவில் உரிமம் வைத்திருக்கும் கம்பெனிகளோடு அதைக் கட்டிவைத்திருப்பது ஒப்பந்தங்கள் மட்டுமே. வாரியத்தில் பெரும்பான்மையோரை முன்மொழியும் உரிமை 'பங்காளிகள்' எனப்படும் சிறு வட்டத்துக்கு.

• இந்தியாவின் எதிர்வினை: சீன மத்திய வங்கி எச்.டி.எஃப்.சி.யில் 1.01 சதவீதம் வைத்திருப்பது தெரியவந்த அதே மாதம், 17 ஏப்ரல் 2020-ல், செய்திக்குறிப்பு 3 வந்தது. இந்தியாவோடு நில எல்லை உள்ள நாடுகளின் முதலீட்டுக்கு மத்திய அரசின் முன்னனுமதி வேண்டும் என்றது. இலங்கைக்கு நம்மோடு நில எல்லை இல்லை; பட்டியலில் சேராது. ஆனால் பணம் கொழும்பு வழியாக வந்து, உண்மைப் பயனாளி சீனர் என்றால் அனுமதி தேவை என்றது அந்தக் குறிப்பு. இந்த விதியில் புதுத் திருத்தம் ஏதும் வந்திருக்கிறதா என்று தேர்வுக்கு முந்தைய வாரம் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.