செய்லானிக்கமா, செய்லானிக்காவா?

கேள்வி: உயர்தர உயிரியல் படிக்கும் மகளின் கொப்பியில் கறுவாவுக்கு 'சின்னமோமம் செய்லானிக்கம்' என்றும், கொடிவேலிக்கு 'பிளம்பாகோ செய்லானிக்கா' என்றும் இருக்கிறது. இரண்டும் இலங்கையைத்தானே சொல்கின்றன? ஒன்று ஆண், மற்றது பெண் என்பதாலா?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: நல்ல கண் உங்களுக்கு! ஆனால் செடியில் ஆண், பெண் தேட வேண்டாம். கறுவாப் பூவில் மகரந்தமும் சூலகமும் ஒன்றாகவே இருக்கும். கொடிவேலிப் பூவும் அப்படித்தான். பால் இருப்பது சொல்லில்.

இலத்தீன் பெயரின் முதற்சொல் சாதிப்பெயர், அது பெயர்ச்சொல். அடுத்தது பெரும்பாலும் பெயரடை, அதாவது அந்தப் பெயரைச் சிறப்பிக்கும் சொல். தமிழில் நல்ல பையன், நல்ல பெண், நல்ல மரம் என்று 'நல்ல' மாறுவதே இல்லை. வந்தான், வந்தாள், வந்தது என்று வினைதான் பால் காட்டும். இலத்தீனில் பெயரடையும் பால் காட்டியாக வேண்டும். ஆண்பாலுக்கு செய்லானிக்கஸ், பெண்பாலுக்கு செய்லானிக்கா, இரண்டுமல்லாததற்கு செய்லானிக்கம். சின்னமோமம் மூன்றாம் வகை, பிளம்பாகோ பெண்பால்.

'செய்லான்' என்பது ஒல்லாந்தர் காலத்தில் இத்தீவுக்கு வழங்கிய பெயர். '-இக்கஸ்' என்றால் 'அதைச் சேர்ந்த'. ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் மருத்துவர் போல் ஹேர்மன் 1670களில் இங்கே சேகரித்த செடிகளை வைத்து லினேயஸ் 1747இல் எழுதிய நூலின் பெயர் 'ஃப்ளோரா செய்லானிக்கா'. ஃப்ளோராவும் பெண்பால்தான்.

வேடிக்கை பறவையில் இருக்கிறது. நம் தோட்டங்களில் 'குட்ரூ, குட்ரூ' என்று கத்தும் பழுப்புத் தலைக் குக்குறுவானுக்கு 1788இல் வைத்த பெயர் 'புக்கோ செய்லானிக்கஸ்'. பிறகு அதை மெகாலைமா என்ற சாதியில் சேர்த்தார்கள், செய்லானிக்கா ஆயிற்று. இப்போது சைலோபோகன் சாதி, மறுபடி செய்லானிக்கஸ். பறவை என்னவோ அதே பறவைதான்.

விகுதியை மட்டும் பார்த்துப் பாலைத் தீர்மானித்தாலும் ஏமாறுவோம். அரசு 'ஃபைகஸ் ரிலிஜியோசா', புளி 'டமரிண்டஸ் இண்டிகா'. முதற்சொல் 'அஸ்' என்று முடிந்தும் பெயரடை பெண்பாலில் நிற்கிறது. மரங்களைப் பெண்பாலாகக் கொள்வது பழைய இலத்தீன் வழக்கம். தாவரவியலும் அதை விடவில்லை.

மகளிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். கறுவாவுக்கு இன்று தாவரவியலாளர் ஏற்கும் பெயர், 1825இல் யான் பிரெஸ்ல் வைத்த 'சின்னமோமம் வேரம்'. வேரம் என்றால் 'உண்மையான'. செய்லானிக்கம் மாற்றுப்பெயராக ஒதுங்கிவிட்டது. வேரஸ், வேரா, வேரம் என்ற மூன்றில் ஏன் மூன்றாவது என்று மகளையே கேட்டுப் பாருங்கள்.