மஞ்சள் கொழுப்பு முயலுக்குக் காமாலையா?

உரித்த முயலில் கொழுப்பு மஞ்சளாக இருந்தால் அதற்குக் காமாலை என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. கிழட்டு முயல் என்பார் சிலர், பசுந்தீவனத்தின் வேலை என்பார் சிலர். கடைசியாகச் சொன்னதில் மட்டும் பாதி உண்மை இருக்கிறது. புல், கீரை, குதிரைமசால் எல்லாவற்றிலும் சாந்தோபில் என்ற மஞ்சள் நிறமி உண்டு. கொழுப்பில் படிவது அதுதான். ஆனால் ஒரே கூண்டில் ஒரே புல்லைத் தின்று வளர்ந்த ஓர் ஈற்றுக் குட்டிகளில் ஒன்றின் கொழுப்பு மஞ்சளாகவும் மற்றவற்றுடையது வெள்ளையாகவும் இருப்பது ஏன்? இதற்குத் தீவனத்தில் விடை கிடையாது.

விடை பிசிஓ2 என்ற மரபணுவில் இருக்கிறது. அது உண்டாக்கும் நொதி அந்த நிறமியைச் சிதைத்துவிடுவதால்தான் பெரும்பாலான முயல்கள் எவ்வளவு பச்சை தின்றாலும் கொழுப்பு வெளுப்பாகவே இருக்கிறது. மஞ்சள் கொழுப்பு முயல்களில் இம்மரபணுவின் மூன்று எழுத்துகள் விடுபட்டிருப்பதைப் போலந்து ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்டார்கள். நார்வே செம்மறியாடுகளின் மஞ்சள் கொழுப்புக்கும் இதே மரபணுவின் பழுதுதான் காரணம். நாட்டுக்கோழியின் மஞ்சள் தோலுக்கும் இதுவே பொறுப்பு. மஞ்சள் தோலைத் தரும் அதன் வடிவம் நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் திரியும் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்பது இன்னும் சுவையான செய்தி.

நிறமியில்லாத தீவனம் கொடுத்தால் அதே முயலின் கொழுப்பு வெளுப்பாக இருக்கிறதே, அப்படியானால் தீவனம்தானே காரணம் என்று கேட்கலாம். நிறமியைத் தருவது தீவனம். அதைச் சிதைப்பதா, சேர்த்துவைப்பதா என்பது மரபணுவின் கையில். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் மஞ்சள் வராது. ரோமத்தின் நிறத்தைப் பார்த்தே கொழுப்பைச் சொல்லிவிடலாம் என்பதும் சரியல்ல. வெண்மைக்கும் பழுப்புக்கும் உரிய மரபணுக்களோடு மஞ்சள் கொழுப்பு மரபணுவும் பிணைந்து செல்வதை அமெரிக்க மரபியலர் வில்லியம் காசில் 1933இல் எழுதினார். ஆயினும் தலைமுறைகளில் அந்தப் பிணைப்பு அறுந்து மாறிக்கொண்டே இருக்கும். காமாலை வேறு: அதில் கண்வெண்மையும் ஈறும்கூட மஞ்சளாகும், கொழுப்பு மட்டும் அல்ல.

மஞ்சள் கொழுப்பு ஒடுங்கு பண்பு. வெள்ளைக் கொழுப்புள்ள பெற்றோர் இருவரும் இதை மறைவாகச் சுமந்தால், சராசரியாக நான்கில் ஒரு குட்டிக்கு மஞ்சள் வரும். ஆகவே ஒரு குட்டியின் கொழுப்பு மஞ்சள் என்று தெரிந்ததும் ஆண் முயலை மட்டும் விற்றுவிடுவதால் பயனில்லை. பெண் முயலும் அதே மரபணுவைச் சுமக்கிறது.