எளிமையும் காவலும்

வீட்டிற்கு வாயில் உண்டு. வாயிலுக்குப் பூட்டு உண்டு. இணையம் வந்து சேரும் இல்லங்களுக்கு மற்றொரு வாயிலும் உண்டு. அதுவே ரவுட்டர் என்னும் சிறு கருவி. அது பரப்பும் வைஃபை அலைகள் சுவரோடு நின்றுவிடுவதில்லை. தெருவிற்கும் அண்டை வீட்டிற்கும் செல்கின்றன. ஆதலின், கடவுச்சொல்லே அவ்வாயிலின் பூட்டாக விளங்குகின்றது.

நீண்ட கடவுச்சொல்லை ஒவ்வொரு கருவியிலும் பதிப்பது பலருக்குத் தொல்லையாக இருந்தது. அத்தொல்லையை நீக்க எண்ணிய வைஃபை கூட்டமைப்பு, 2006ஆம் ஆண்டில் டபிள்யு.பி.எஸ். என்னும் எளிய இணைப்பு முறையை வகுத்தது. இதில் இரு வழிகள் பெரிதும் வழங்கின. ஒன்று, ரவுட்டரில் உள்ள பொத்தானை அழுத்துதல்; அழுத்திய பின் இரண்டு நிமிடங்கள் வரை புதிய கருவி இணையலாம். மற்றொன்று, எட்டு இலக்க எண்ணைக் கொடுத்து இணைதல். பல ரவுட்டர்களின் அடிப்புறத்தில் அவ்வெண் ஒட்டப்பட்டிருக்கும்.

எட்டு இலக்கங்களால் பத்துக்கோடி எண்களை அமைக்கலாம். அத்தனையையும் ஒவ்வொன்றாக முயன்று பார்த்தல் எளிதன்று. எனினும், இம்முறையில் ஒரு பெருங்குறை மறைந்திருந்தது. 2011ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் ஸ்டெஃபான் ஃபீபெக் என்னும் ஆய்வாளர் அதனை வெளிப்படுத்தினார். ரவுட்டர் அவ்வெண்ணை ஒருசேரச் சோதிக்கவில்லை. இரு பாதிகளாகப் பிரித்துச் சோதித்தது. முதல் நான்கு இலக்கங்கள் தவறாயின், அப்பொழுதே அதனைக் காட்டிக்கொடுத்தது. ஆகவே, முற்பாதியைக் கண்டறிய 10,000 முயற்சிகள் போதும். பிற்பாதியின் இறுதி இலக்கமோ ஏனைய ஏழிலிருந்து கணக்கிட்டுப் பெறப்படுவது. எஞ்சிய மூன்று இலக்கங்களுக்கு 1,000 முயற்சிகள் போதும். பத்துக்கோடி எங்கே! பதினோராயிரம் எங்கே! கணிப்பொறிக்கு அது சில மணி நேர வேலையே.

எண் கிடைத்துவிட்டால், ரவுட்டர் தன் கடவுச்சொல்லையே அயலாரிடம் ஒப்படைத்துவிடும். அச்சொல் எத்துணை நீளமாயினும் பயனில்லை. கோட்டைக் கதவை இரும்பால் அமைத்தவன், திட்டிவாயிலை வைக்கோற்புரியால் கட்டி வைத்தது போன்றதன்றோ இது! உள்ளே புகுந்தவர் அவ்விணைப்பைக் கொண்டு தீச்செயல் புரியின், பழி முதற்கண் வீட்டாரையே சாரும்.

இதனைத் தடுத்தல் அரிதன்று. ரவுட்டரின் அமைப்புப் பக்கத்திற்குச் சென்று, எண் வழி இணைப்பை நிறுத்திவிட வேண்டும். ரவுட்டருடன் வந்த நிருவாகக் கடவுச்சொல்லை மாற்ற வேண்டும்; நிறுவனத்தார் வெளியிடும் திருத்தங்களை உடனுக்குடன் ஏற்ற வேண்டும். பின்னாளில் வந்த பல ரவுட்டர்கள், தவறான எண் பலமுறை கொடுக்கப்படின் தாமே பூட்டிக்கொள்ளுகின்றன. 2018ஆம் ஆண்டில், கியூஆர் குறியீட்டைக் கைப்பேசியால் படித்து இணையும் புதிய முறையொன்றையும் அக்கூட்டமைப்பு அறிவித்தது.

எளிமை வேண்டத்தக்கதே. ஆயினும், வீட்டாருக்கு எளிதாகத் திறக்கும் கதவு கள்வருக்கும் எளிதாகத் திறக்குமோ என்று முன்னரே ஆராய்ந்து பார்ப்பது அறிவுடையோர் கடமையாகும்.