வீட்டு ஐபி மாறினால் டேட்டாபேஸ் நகல் நின்றுவிடுமா?

நம்பிக்கை: வீட்டு இணையத்தின் ஐபி முகவரி அடிக்கடி மாறும். ஆகவே ஸ்டாட்டிக் ஐபி வாங்காமல் கிளவுட் டேட்டாபேஸை வீட்டுக் கருவிக்கு நகலெடுக்க முடியாது.

உண்மை: முகவரி மாறாமல் இருக்க வேண்டியது கிளவுட் சர்வருக்குத்தான். குடத்தோடு போகிறவர் வீடு மாறலாம். குழாயடி இருந்த இடத்தில் இருந்தால் போதும். மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸில் ஒவ்வொரு மாற்றமும் பின்லாக் என்ற கோப்பில் வரிசையாகப் பதிவாகும். வீட்டுக் கருவிதான் தேடிப்போய் அதைக் கேட்டு வாங்குகிறது.

அத்திப்பட்டில் டிரெய்லர் லாரிகள் வைத்துத் தொழில் செய்யும் நண்பர் ஒருவர், துறைமுக டிரிப் கணக்கை கிளவுடில் வைத்து, வீட்டு அலமாரியில் ராஸ்பெரி பை என்ற குட்டிக் கணினியில் நகல் வைத்திருக்கிறார். ஒருநாள் இரண்டு மணி நேரம் கரண்ட் இல்லை. வந்ததும் ரவுட்டருக்குப் புது முகவரி. நகல் எத்தனை விநாடி பின்தங்கியிருக்கிறது என்று காட்டும் எண் ஆயிரங்களில் நின்றது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே மளமளவென இறங்கிப் பூஜ்யமானது. யாரும் எதையும் தொடவில்லை.

பின்லாக் அழியாமல் இருந்தால்தான் இது நடக்கும். மைஎஸ்க்யூஎல் 8.0, வேறெதுவும் சொல்லாவிட்டால் 30 நாள் வைத்திருக்கும். சில கிளவுட் சேவைகள் சீக்கிரமே அழித்துவிடும். அங்கே எத்தனை மணி நேரம் வைத்திருக்க வேண்டும் என்று நாம்தான் குறிக்க வேண்டும்.

நம்பிக்கை: முகவரி மாறுவதால், ஃபயர்வாலில் மைஎஸ்க்யூஎல்லின் 3306 போர்ட்டை எல்லோருக்கும் திறந்துவிடுவதே வழி.

உண்மை: தயவுசெய்து வேண்டாம். நண்பரும் முதலில் இதைத்தான் செய்திருந்தார், அன்றே மூடவைத்தேன். 2022 மே மாதம் ஷேடோசர்வர் அமைப்பு தேடியபோது, 36 லட்சம் மைஎஸ்க்யூஎல் சர்வர்கள் இணையத்தில் கதவைத் திறந்துவைத்திருந்தன. மாறும் முகவரிக்கு மாறாத பெயர் தரும் டைனமிக் டிஎன்எஸ்ஸும் எல்லா வீட்டுக்கும் உதவாது: பல இணைப்புகளில் ஒரே பொது முகவரியைப் பல வீடுகள் பங்கிட்டுக்கொள்கின்றன. வயர்கார்டு போன்ற விபிஎன் போதும். அது ஆளை அடையாளம் காண்பது சாவியை வைத்து, முகவரியை வைத்தல்ல. விபிஎன் சுரங்கத்துக்குள் வீட்டுக் கருவிக்கு மாறாத தனி முகவரி கிடைக்கும். டேட்டாபேஸில் அந்த ஒன்றுக்கு மட்டும் அனுமதி கொடுங்கள்.

நம்பிக்கை: வீட்டில் நகல் இருக்கிறது, இனி பேக்கப் தேவையில்லை.

உண்மை: கிளவுடில் தவறுதலாக ஒரு டேபிளை அழித்தால் அடுத்த நொடி இங்கேயும் அழியும். நகலை வேண்டுமென்றே ஒரு மணி நேரம் பின்தங்கவைக்கும் வசதி மைஎஸ்க்யூஎல் 5.6 பதிப்பிலிருந்தே உண்டு. நண்பர் இப்போது அதைப் போட்டிருக்கிறார். ஞாயிறுதோறும் தனி ஹார்டு டிஸ்க்கில் முழு பேக்கப்பும் எடுக்கிறார். போன வாரம் அதை வேறொரு கணினியில் ஏற்றி, ஒரு வண்டியின் ஒரு மாத டிரிப்புகளை டிரைவரின் நோட்டுப் புத்தகத்தோடு வரிவரியாக ஒப்பிட்டுப் பார்த்தோம். எல்லாம் சரியாக இருந்தது.