கொக்கோ விதையும் மனச்சாட்சியும்

சென்ற கோடை விடுமுறையில் யான் மாரமங்கலத்தில் இருந்தபோது என் தமையனார் ஒரு யோசனை கூறினார். ஏற்காட்டுக்கு வருவோரெல்லாம் ஏரிக்கரைக் கடைகளில் சாக்லேட் வாங்கிச் செல்கின்றனரே, நாமும் அத்தொழிலைத் தொடங்கினால் என்ன என்பதே அது. “ஆனால், எவர் வயிற்றிலும் அடிக்காத தொழிலாக இருத்தல் வேண்டும். அவ்வாறு செய்தோர் உளரா என்று நீ படித்துச் சொல்” என்றார். தமிழ் பயிலும் மாணவனுக்குச் சாக்லேட்டில் என்ன வேலை என்று நண்பர்கள் நகைக்கக்கூடும். ஆயினும் அண்ணன் ஏவிய பணியைத் தட்டலாகாது. அது குறித்துக் கற்றவற்றுள் சிலவற்றை ஈண்டு எழுதுகின்றேன்.

முதற்கண் ஒரு பழைய வரலாறு. இங்கிலாந்திலே பர்மிங்காம் நகரில் 1824-ஆம் ஆண்டில் ஜான் காட்பரி என்பார் ஒரு சிறு கடை திறந்து தேயிலை, காப்பி, கொக்கோ முதலியவற்றை விற்றார். குவேக்கர் எனப்படும் நண்பர் சபையைச் சார்ந்த அவர், மதுவுக்கு மாற்றாக நல்ல பானத்தை மக்களுக்கு அளிப்பதை ஓர் அறமாகவே கருதினார். அவர் மைந்தர் ரிச்சர்டும் ஜார்ஜும் 1879-இல் நகரின் புகையை விட்டு நீங்கிப் போர்ன்வில் என்னுமிடத்தில் ஆலையை அமைத்தனர். பின்னர் அதனருகே தோட்டத்தோடு கூடிய வீடுகளும் விளையாட்டு வெளிகளும் எழுந்தன. தொழிலாளரை இவ்வாறு பேணிய முதலாளிகள் அந்நாளில் மிகச் சிலரே.

இஃதிவ்வாறிருக்க, 1901-இல் அக்குடும்பத்து வில்லியம் காட்பரியின் கைக்கு ஒரு விற்பனைப் பட்டியல் வந்தது. ஆப்பிரிக்காவின் மேற்கே போர்த்துக்கீசியர் ஆண்ட சாந்தோமே தீவில் ஒரு கொக்கோத் தோட்டம் விலைக்கு வந்திருந்தது. அப்பட்டியலில், தோட்டத்தின் உடைமைகளோடு உடைமையாக, அங்கு உழைத்த இருநூறு கறுப்பின மக்களுக்கும் விலை குறிக்கப்பட்டிருந்தது! போர்ன்வில் ஆலைக்கு வந்த கொக்கோவில் பெரும் பகுதி அத்தீவினின்று வந்ததே.

உடனே கொள்முதலை நிறுத்தினரோ எனின், இல்லை. உண்மையை ஆராய ஜோசப் பர்ட் என்பாரை 1905-இல் அனுப்பினர். அவர் இரண்டாண்டு அலைந்து அறிக்கை கொணர்ந்தார். நாம் வாங்கும்வரைதான் போர்த்துக்கீசிய அரசு நம் சொல்லைக் கேட்கும் என்பது அவர்கள் வாதம். 1909-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில்தான் சாந்தோமே கொக்கோவை வாங்குவதில்லை என்று அறிவித்தனர். இதற்கிடையே லண்டன் ‘ஸ்டாண்டர்டு’ பத்திரிகை அவர்களைப் போலியர் என்று எழுதிற்று. அவதூறு வழக்கில் வென்றவர் காட்பரியாரே. ஆனால் நடுவர் குழு அளித்த இழப்பீடு ஒரு பார்த்திங்! அந்நாளைய நாணய மாற்றில் அது நமது காலணா.

அவர்கள் போலியர் அல்லர் என்பதே என் துணிபு. ஆயினும் அவர்களுக்கு ஆராய்ச்சியிற் கழிந்த எட்டாண்டுகள், அத்தீவில் அடைபட்டோருக்கு அடிமையிற் கழிந்த எட்டாண்டுகள். ஆலை வாயிலுக்கு உள்ளே நின்ற அறம் வாயிலைத் தாண்டிச் செல்ல அத்துணைக் காலம் பிடித்தது.

இக்கதை பழங்கதையாகவும் ஒழிந்துவிடவில்லை. கொக்கோத் தோட்டங்களிற் சிறார் படும் கொடிய உழைப்பை ஒழிப்போம் என்று பெரிய சாக்லேட் நிறுவனங்கள் 2001-இல் கையொப்பமிட்டன. குறித்த கெடு 2005. 2020-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஆய்வோ, ஐவரி கோஸ்ட், கானா ஆகிய இரு நாடுகளில் மட்டும் ஏறத்தாழ 15,60,000 சிறார் இத்தொழிலில் உழைப்பதாகக் கூறிற்று.

இனி நம் நாட்டுக்கு வருவோம். கொக்கோ இங்குப் புதிதன்று. 1798-இலேயே குற்றாலத்தில் நடப்பட்டது. அதனை நம்மவரிடமே வாங்கிச் சாக்லேட் செய்வோர் இன்று சிலர் உளர். புதுச்சேரியை அடுத்த ஆரோவில்லில் 2014-இல் ஜேன் மேசன், பேபியன் போன்டெம்ஸ் என்னும் இருவர் தொடங்கிய ‘மேசன் அண்டு கோ’ அவற்றுள் ஒன்று. பக்கத்துச் சிற்றூர்ப் பெண்டிர் அங்குப் பணி செய்கின்றனர். தொடக்கத்தில் அவர்களுக்கு நேர்ந்த பெரிய இடர் யாதெனில், இயந்திரமன்று, பணமுமன்று. முறையாகப் புளிக்க வைத்த விதை கிடைக்காமையே.

இதனைச் சற்று விளக்க வேண்டும். கொக்கோக் காயை உடைத்தால் வெண்ணிறச் சதை மூடிய விதைகள் காணப்படும். அவற்றை மரப்பெட்டியிற் குவித்து, வாழையிலையால் மூடி, இடையிடையே கிளறி, ஐந்தாறு நாள் புளிக்க விடல் வேண்டும். குவியல் தானே சூடேறும். விதையின் முளை மடியும். சாக்லேட்டின் மணத்துக்கு மூலம் அப்பொழுதே பிறக்கும். அதன்பின் வெயிலிற் காயவைத்தல் வேண்டும். மூன்று கிலோ ஈரவிதை ஏறக்குறைய ஒரு கிலோவாகச் சுருங்கும். மொத்தக் கொள்முதலுக்கே விளைத்துப் பழகிய உழவனுக்கு இத்துணைப் பாடுபட என்ன காரணம் இருந்தது? ஆகவே அந்நிறுவனத்தார் தோட்டந்தோறும் சென்று இம்முறையைக் கற்பித்து, நல்ல விதைக்கு நல்ல விலையும் கொடுக்க வேண்டியதாயிற்று.

இதைப் படித்தபோது எனக்கு எங்கள் வீட்டுக் களம் நினைவுக்கு வந்தது. மாரமங்கலத்தின் குளிருக்குக் கொக்கோ ஏலாது. காப்பியும் மிளகுமே எங்கள் பயிர். ஒருமுறை தந்தையாருக்கு நோய் கண்டு, மருத்துவச் செலவுக்குப் பணம் வேண்டியிருந்தது. காப்பிப் பழத்தை உலர்த்தப் பொறுக்காமல், பறித்த சாக்கோடு ஒரு வியாபாரியிடம் விற்றோம். அவர் சொன்னதே விலை. களமும் வெயிலும் எங்களிடம் இருந்தன. காத்திருக்க இரண்டு வாரம் மட்டும் எங்களிடம் இல்லை. கொக்கோ உழவனுடைய நிலையும் இதுவே என்று எண்ணுகிறேன்.

ஓர் ஐயம் எனக்கு இன்னும் தீரவில்லை. இவ்வாறு செய்த சாக்லேட்டின் விலை ஏறாமலிராது. உருக்கி வார்த்த மலிவுச் சாக்லேட்டை வாங்கிப் பழகியவர், ஏரிக்கரையில் நின்று உழவனை எண்ணி இருமடங்கு கொடுப்பரோ? இதனையும் ஒளியாமல் அண்ணனுக்கு எழுதினேன்.

பத்து நாளில் மறுமொழி வந்தது. சாக்லேட்டுக் கடையை அவர் ஓராண்டு தள்ளி வைத்துவிட்டார். இவ்வாண்டு எங்கள் காப்பியோடு பக்கத்து இரண்டு வீட்டுக் காப்பியையும் எங்கள் களத்திலேயே உலர்த்தப் போகிறாராம். அவசரப்படும் வீட்டாருக்கு மிளகு விற்ற பணத்தில் முன்பணம் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார். அறுவடை முடிந்ததும், தென்னையின் நிழலிற் கொக்கோ வளர்ப்போரைக் காணப் பொள்ளாச்சிக்குப் போவதாகவும், என்னையும் உடன் வருமாறும் எழுதியிருந்தார்.