தனிம அட்டவணையோடு ஓர் உப்பளப் பயணம்

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் சாலையில் முத்தையாபுரம், முள்ளக்காடு பக்கம் போனால் உப்புப் பாத்திகள் தெரியத் தொடங்கும். பிப்ரவரி முதல் செப்டம்பருக்குள் போய்விடுங்கள். வடகிழக்குப் பருவமழை வந்துவிட்டால் வேலை நின்றுவிடும். தொப்பி, கறுப்புக் கண்ணாடி, குடிநீர், உருப்பெருக்கி, பள்ளிப் புத்தகத்திலுள்ள தனிம வரிசை அட்டவணை ஆகியவை கட்டாயம். அளங்களில் அனுமதி கேட்டே நுழைய வேண்டும். காலில் புண் இருந்தால் வரப்போடு நின்றுகொள்ளுங்கள். விடியுமுன்பே வேலை தொடங்கிவிடும் என்பதால் காலையிலேயே போவது நல்லது.

முதலில் நீர் தேக்கும் பெரிய பாத்தி. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்புகள் உண்டு. இங்கே அட்டவணையை விரித்து, வலது ஓரத்து 18ஆம் தொகுதியில் விரலை வையுங்கள். நியானும் ஆர்கானும் வெளிக்கூடு நிறைந்தவை. அங்கிருந்து ஒரு தனிமம் எத்தனை கட்டம் தள்ளியிருக்கிறதோ, அதுவே அயனியின் மின்சுமை. 17 எலக்ட்ரான் கொண்ட குளோரின் ஒன்றை வாங்கி ஆர்கானின் 18ஐ எட்டுகிறது, எதிர்மின்சுமை ஒன்று. சோடியம் நியானைத் தாண்டிய முதல் கட்டம். 11இல் ஒன்றை இழந்து 10 ஆகிறது, நேர்மின்சுமை ஒன்று. சோடியம் உலோகத் துண்டு தண்ணீரில் சீறிப் பாயும், தீயும் பிடிக்கலாம். கடலிலுள்ள சோடியமோ எலக்ட்ரானை முன்பே இழந்துவிட்டது. அதனால்தான் நீங்கள் அச்சமின்றி அதில் காலை நனைக்கிறீர்கள்.

அடுத்தடுத்த பாத்திகளில் வெயிலில் நீர் சுண்டும். அடர்த்தியை அளத்தில் டிகிரி கணக்கில் சொல்வார்கள். கடல்நீர் ஏறக்குறைய 3 டிகிரி. 25ஐ எட்டும் முன்பே அடியில் ஜிப்சம், அதாவது கால்சியம் சல்பேட், படிந்துவிடும். 2ஆம் தொகுதிக் கால்சியம் இரண்டு எலக்ட்ரானை இழந்தது. சல்பேட்டுக்கும் இரட்டைச் சுமை. ஒன்றையொன்று இறுகப் பற்றுவதால் அவை முந்திக்கொண்டு நீரைவிட்டு இறங்குகின்றன.

25 டிகிரியைத் தாண்டி உப்பு படியும் பாத்தியில் அதிக நேரம் நில்லுங்கள். ஒரு பரலைக் கையிலெடுத்து உருப்பெருக்கியில் பாருங்கள். சதுர முகங்கள் தெரியும். உள்ளே ஒவ்வொரு சோடியம் அயனியையும் ஆறு குளோரைடுகள் சூழ்ந்திருக்கின்றன, ஒவ்வொரு குளோரைடையும் ஆறு சோடியம். நேர்சுமை ஒன்றுக்கு எதிர்சுமை ஒன்று. இந்தக் கணக்கை அட்டவணையின் இடமே தீர்மானித்துவிட்டது என்பதைப் பாத்தியோரம் நின்று உணர்வதற்காகவே இவ்வளவு தூரம் வரச் சொல்கிறேன்.

உப்பு வாரியபின் எஞ்சும் கசப்பு நீரையும் தவறவிடாதீர்கள். கால்சியத்தின் தொகுதியைச் சேர்ந்த மெக்னீசியம் இதில்தான் மிஞ்சுகிறது. சுமை இரண்டுதான், ஆனால் அயனி சிறியது, நீர் மூலக்கூறுகள் அதை எளிதில் விடுவதில்லை. ஆகவே தொகுதி எண் சுமையைச் சொல்லும், நடத்தை முழுவதையும் சொல்லாது. குளோரினுக்குக் கீழ்க்கட்டத்துப் புரோமினும் ஒற்றை எதிர்சுமையோடு இங்கே இருக்கிறது.

வெளியே வரும்போது துருப்பிடித்த இரும்பு எதையாவது பாருங்கள். அட்டவணையின் நடுப்பகுதியில் கட்டம் எண்ணும் வழி பலிக்காது. இரும்பு இரண்டையும் இழக்கும், மூன்றையும் இழக்கும். செந்நிறத் துருவில் இருப்பது மூன்றை இழந்த அயனி.